திருகோணமலைச் சட்டித் தயிர்: கவிழ்த்துப் பார்த்து வாங்கலாமா?

கந்தளாய்ப் பக்கம் கண்டி வீதியில் வாகனங்கள் தயிர்க் கடைகளுக்கு முன்னால் நிற்கும்போது அநேகமாக ஒரே காட்சிதான். கடைக்காரர் ஒரு சட்டியை எடுத்து, வாயில் கட்டியிருக்கும் கடதாசியை விலக்கி, அப்படியே தலைகீழாகப் பிடிப்பார். தயிர் விழாது. வாங்க வந்தவருக்கு அத்துடன் திருப்தி. இரண்டு சட்டி கட்டச் சொல்லிவிடுவார். எங்கள் மாவட்டத்துத் தயிரைப் பற்றி எழுதுவதென்றால் இந்தப் பழக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கவிழ்த்துப் பார்ப்பது தயிர் இறுகியிருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். எந்தப் பாலில் உறைந்தது, எப்படிக் காய்ச்சியது, நேற்றையதா நாலு நாள் பழையதா என்று ஒன்றும் சொல்லாது.

பால்மா கூட்டிய தயிரும் விழாது. மா கரைத்ததும் விழாது, ஜெலற்றின் சேர்த்ததும் விழாது. மறுபக்கம், கலப்பில்லாத எருமைப் பாலில் உறைந்த அருமையான தயிர் ஓட்டோவில் குலுங்கி வந்து சேர்ந்தால் ஓரம் விட்டுப்போயிருக்கும்; கவிழ்த்த உடனே கையில் விழும். கெட்டதை ஏற்று நல்லதைத் தள்ளுகிற சோதனை அது. நல்ல தயிர் போடுகிற குடும்பங்கள்கூட, இந்தச் சோதனைக்குத் தப்புவதற்காகவே கொஞ்சம் பால்மா சேர்க்கத் தொடங்கியிருப்பது வருத்தமான விஷயம். வாங்குகிறவர்கள் வேறு விதமாகப் பார்க்கப் பழகினால் அவர்களும் பழைய முறைக்குத் திரும்புவார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஆடை. பசுப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம். எருமைப் பாலில் 7, 8 சதவீதம் வரும். காய்ச்சிய பால் சட்டிக்குள் சூட்டோடு நிற்கும்போது அந்தக் கொழுப்பு மேலே வந்து படியும். அதனால் உண்மையான எருமைத் தயிரின் மேற்பரப்பு சமதளமாக இருக்காது. சுருங்கி, அங்கங்கே மேடு பள்ளமாக, லேசான தந்த நிறத்தில் ஒரு தோல் இருக்கும். கரண்டி நுனியால் ஓரத்தைத் தூக்கினால் அது துணி மாதிரி ஒரே தாளாகக் கிளம்பும். கொழுப்பெடுத்த பால்மாவால் ஆன தயிரில் இந்தத் தோல் வராது. மேற்பரப்பு பளபளவென்று மட்டமாக இருக்கும், பார்வைக்கு அழகாகவும் இருக்கும். அந்த அழகுக்கு ஏமாறக்கூடாது.

அடுத்தது நிறம். ஆடைக்குக் கீழே எருமைத் தயிர் சுத்த வெள்ளை. பசுவின் பாலில் புல்லிலிருந்து வரும் கரோட்டின் கரைந்திருப்பதால் மெல்லிய மஞ்சள் தெரியும். எருமை அந்தக் கரோட்டினை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடுகிறது. “எருமைத் தயிர்” என்று விற்றது உள்ளே மஞ்சளாக இருந்தால் பசுப் பால் சேர்ந்திருக்கிறது. பசுத் தயிர் கெட்ட தயிர் அல்ல. அபிஷேகத்துக்கு வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். முதல் நாளே சொல்லி வைத்தால் தனியாகப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எருமைத் தயிரின் விலைக்குப் பசுத் தயிரை வாங்கிப் போவதில் நியாயமில்லை.

மூன்றாவது, வெட்டிய முகம். தட்டையான கரண்டியால் ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள். வெட்டுவாய் வழுவழுப்பாக, விளிம்பு கூராக நிற்க வேண்டும். குண்டூசித் தலை அளவில் துளை துளையாக இருந்தால் உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது. பாலோ பாத்திரமோ உறைமோரோ அசுத்தமாக இருந்து வேறு கிருமி புகுந்ததன் அடையாளம் அது. அந்தச் சட்டியை வாங்கவே வேண்டாம். கரண்டியைத் தூக்கும்போது நூல் நூலாக இழுபட்டால் உறைமோர் பழசாகிப் பிசுபிசுப்புத் தருகிற கிருமி மேலோங்கிவிட்டது. நாக்கில் மணல் மணலாகத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் பால்மா சரியாகக் கரையவில்லை, அல்லது பால் கூடிய சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றிவிட்டார்கள்.

தண்ணீர் கண்டால் பலர் முகம் சுளிப்பார்கள். அது தேவையில்லை. மெல்லிய பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிவாக நிற்கிற தண்ணீர், தயிரின் சொந்த நீர். கொஞ்சம் இருந்தால் குற்றமில்லை. குலுங்கினாலும் வரும், வெட்டினாலும் வரும். பால் போல் கலங்கி வெள்ளையாக நின்றால்தான் கவனிக்க வேண்டும்: அந்தச் சட்டி இன்னும் உறைந்து முடியவில்லை.

மா கலந்ததா என்று வீட்டில் பார்ப்பது சுலபம். ஒரு தேக்கரண்டி தயிரைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, மருந்துக் கடையில் வாங்கும் அயடீன் திராவகத்தில் ஒரு துளி விட்டால் போதும். மா இருந்தால் நீலமாகவோ கறுப்பாகவோ மாறும். இல்லாவிட்டால் அயடீனின் மஞ்சள் கபில நிறம்தான் நிற்கும். இது மாவை மட்டும் காட்டும். பால்மாவையும் ஜெலற்றினையும் காட்டாது. அவற்றுக்கு ஆடையும் வாயும்தான் சாட்சி. சோதித்த தயிரைச் சாப்பிடாமல் கொட்டிவிடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. “நானா (அண்ணா), நல்ல தயிரா?” என்று கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லப் போவதில்லை. “நானா, இது எப்ப ஊத்தின சட்டி?” என்று கேளுங்கள். “ராவு ஊத்தினது மகள், விடியத்தான் எடுத்தம்” என்று உடனே பதில் வந்தால் அந்தக் கடைக்காரருக்குத் தன் சரக்கு எங்கிருந்து வருகிறதென்று தெரியும். யோசித்துப் பதில் சொன்னால் அவர் நாலு கை மாறி வாங்கி வைத்திருக்கிறார்.

தயிர் போடுகிற முறையைத் தெரிந்துகொண்டால் பிழை எங்கே வருகிறது என்பதும் விளங்கும். கறந்த பாலைத் துணியில் வடித்து, பெரிய பாத்திரத்தில் விறகடுப்பில் வைத்துக் காய்ச்சுவார்கள். பொங்கிய உடனே இறக்கிவிடக் கூடாது. கொதி வந்த பின் தணலைக் குறைத்து இன்னும் 10, 15 நிமிடம் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். கிருமியைக் கொல்வது ஒரு காரணம். காய்ச்சாத பால் வழியாகப் புருசெல்லா போன்ற கிருமிகள் மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் என்பதால் இதில் சலுகையே கிடையாது. இன்னொரு காரணம் இறுக்கம். இப்படி நின்று காயும்போதுதான் பாலில் கரைந்திருக்கும் புரதம் குலைந்து மற்றப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுத்தான் பிறகு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். விறகு மிச்சம் பிடிக்க அவசரமாக இறக்கிய பாலில் போட்ட தயிர் முதல் நாளே நீர் விடும். லேசான புகை மணம் இந்த அடுப்பில்தான் ஏறுகிறது. அது குறையல்ல, எங்கள் தயிரின் அடையாளம். அடிப்பிடித்த கருகல் மணம் வேறு. அது வந்தால் அந்த அடுக்கில் இருக்கும் எல்லாச் சட்டிகளிலும் வரும், மாற்றி எடுத்துப் பயனில்லை.

பிறகு சூடு ஆற வேண்டும். 42, 43 பாகை செல்சியஸ் நல்ல பதம். வெப்பமானி இல்லாத இடத்தில் சுத்தமான விரலை உள்ளே விட்டுப் பத்து எண்ணும் வரை தாங்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். இதைவிட மிகவும் சூடாக இருந்தால் உறைமோர்க் கிருமி செத்துப்போகும். நன்றாக ஆறிவிட்டால் உறைவதற்கு நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குள் வேறு கிருமி முந்திக்கொள்ளும். வீட்டில் போடுவதென்றால் ஒரு லீற்றர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி உறைமோர் தாராளம். கூட ஊற்றினால் கெதியாக உறையும், கெதியாகப் புளிக்கும், ஆனால் இறுக்கம் அதிகமாகாது. ஊற்றிய பின் சட்டியைத் தொடக்கூடாது. எங்கள் வெக்கையில் மாலை ஊற்றினால் விடியலுக்குள் தயிர். மார்கழி மழையில் இன்னும் சில மணித்தியாலம் பிடிக்கும், அப்போது சாக்கால் மூடி வைப்பார்கள். உறையும் நேரத்தில் யாராவது சட்டியை ஆட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பிளவு விழும், அதில் நீர் தேங்கும். உறைந்தாயிற்றா என்று பார்க்க ஓரத்தை மெல்லச் சாய்த்தாலே போதும்.

இதில் சட்டிக்கும் வேலை இருக்கிறது. மண்சட்டியின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தயிரின் நீரில் கொஞ்சத்தை அது உறிஞ்சும். அந்த நீர் வெளிச்சுவரில் ஆவியாகும்போது உள்ளே குளிரும். அதனால்தான் சட்டித் தயிர் இரண்டாம் நாள் இன்னும் தடிப்பாகிறது. சட்டியின் வாயிலிருந்து தயிர் ஒரு விரல் இறங்கி, சுவரில் வளையமாகக் கோடு விழுந்திருந்தால் குறைவாக ஊற்றிவிட்டார்கள் என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டியின் அடியைத் தட்டிப் பாருங்கள். வெளியே ஒரே அளவாகத் தெரிகிற இரண்டு சட்டிகளில் ஒன்றின் அடி மற்றதைவிட நன்றாகத் தடித்திருக்கும்; தயிர் அந்த அளவுக்குக் குறையும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கரண்டிக் காம்பை விட்டு ஆழம் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிச்சுவரில் எண்ணெய்ப் பூச்சு மாதிரி கறை இருந்தால் அது பாவித்த சட்டி. துளைகளில் தங்கிய பழைய கொழுப்பு எவ்வளவு கழுவினாலும் போகாது, அதன் சிக்கு மணம் புதுத் தயிரில் ஏறும்.

காலியான சட்டியை மீன் குழம்புக்கு அடுப்பில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சொல்: கறிச்சட்டி சுடுகிற அளவுக்கு இதைச் சுடுவதில்லை. நெருப்பில் வைத்தால் வெடிக்க வாய்ப்பு அதிகம். கறிவேப்பிலைக் கன்று வைக்க நல்லது.

எங்கே வாங்குவது? கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தயிருக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். வயலும் குளமும் மேய்ச்சலும் பக்கத்தில் இருப்பதால் பட்டியிலிருந்து அடுப்புக்குப் பால் வருகிற தூரம் குறைவு. கறந்த பால் வெயிலில் நின்றால் தானாகப் புளிக்கத் தொடங்கும். அப்படிப் புளித்த பாலைக் காய்ச்சினால் திரிந்துபோகும் என்று சிலர் சோடா உப்புப் போடுவார்கள், அந்தத் தயிரில் ஒரு சவர்க்காரச் சுவை நிற்கும். தூரம் குறைந்த இடத்தில் இந்தத் தேவையே வராது. முன்பு இந்தச் சட்டிகள் மிதவைப் பாதையிலும் வள்ளத்திலும் ஏறி நகரத்துக்கு வந்தன. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு காலையில் எடுத்த சட்டி கடை திறக்கும் நேரத்துக்கே நகரத்துக்கு வந்துவிடுகிறது. நகரத்து வியாபாரிகள் சிலர் சட்டிகளைக் கடைக்கு வெளியே வெயிலில் அடுக்கி வைக்கிறார்கள். ஊரில் எவ்வளவு பக்குவமாகப் போட்டாலும் நடைபாதையில் மத்தியானம் வரை நின்றால் புளித்துத்தான் போகும். நிழலில், தரையோடு, ஒன்றன்மேல் ஒன்றாக அதிகம் ஏற்றாமல் வைத்திருக்கிற கடையைத் தேடிப் போங்கள்.

கந்தளாய்த் தெருவோரக் கடைகள் பயணிகளை நம்பி இருப்பவை. வார நாளில் நல்ல சட்டி கிடைக்கும். நீண்ட விடுமுறையில், கோணேஸ்வரத்துக்கும் நிலாவெளிக்கும் பஸ் பஸ்ஸாகச் சனம் வருகிற நாட்களில், தயிருக்கான தேவை கிடைக்கிற பாலைவிடக் கூடிவிடும். மாடு அன்றைக்கு மட்டும் கூடுதலாகக் கறக்காது. பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, வெசாக், நோன்பு காலத்து மாலைகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். அந்த நாட்களுக்குத் தெரிந்த வீட்டில் முன்கூட்டிச் சொல்லி வைப்பதே வழி.

பிளாஸ்டிக் கோப்பைத் தயிரை நான் தள்ளிவைக்க மாட்டேன். அளவான சூட்டில் காய்ச்சி, திகதி அடித்து, குளிரிலேயே வருகிறது. கைக்குழந்தைக்கும் நோயில் எழும்பியவருக்கும் அதைத்தான் கொடுக்கச் சொல்வேன். ஆனால் பிளாஸ்டிக் தண்ணீரை உறிஞ்சாது, விறகுப் புகையும் அதில் இல்லை. விருந்தில் அதை வைத்தால் சாப்பாடு முடிந்தது என்ற நிறைவு வராது.

பருவத்தையும் சொல்ல வேண்டும். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வயல் திறந்துவிட்டால் எருமைகள் தாளடிக்குள் இறங்கும். பட்டிக்காரருக்கு அது நிம்மதியான காலம். ஐப்பசியில் விதைத்ததும் மாடுகளை வயல் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும்; காட்டோரமும் குளத்தடியும் தேடி நெடுந்தூரம் ஓட்டுவார்கள். மேய்ச்சல் தரை வருடா வருடம் சுருங்கிக்கொண்டு போகிறது. நடை கூடினால் பால் குறையும். 2022 டிசம்பரில் அடித்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு கிழக்கில் பட்டி பட்டியாக மாடுகள் மடிந்தன. தயிர் விலை ஏறிவிட்டது என்று கடையில் முறையிடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சட்டியில் இருப்பது தயிர் மட்டுமல்ல; விறகு, மண்சட்டி, ஒரு மனிதர் நாளெல்லாம் மாட்டோடு நடந்த கூலி எல்லாம் அதற்குள் இருக்கிறது. கலப்பில்லாத சட்டிக்குக் கேட்கிற விலையைக் கொடுத்து வாங்குவதே சரி என்பது என் தீர்மானமான கருத்து. பேரம் பேசிக் குறைத்த பணம் பால்மாவாகத் திரும்பி வரும்.

இனிச் சாப்பாடு. வெளியூர்க்காரர் தயிரென்றால் பாணி (பாகு) ஊற்றிக் கடைசியில் சாப்பிடுகிற இனிப்பு என்று நினைக்கிறார்கள். இங்கே அது காலைச் சாப்பாடு. ஆவி பறக்கிற புட்டில் இரண்டு அகப்பை தயிர், ஒரு கதலிப்பழம், ஒரு கரண்டி சீனி. கையால் பிசைந்து சாப்பிட்டால் மத்தியானம் வரை பசி வராது. புட்டு கொஞ்சம் ஆறிய பிறகு தயிரைப் போடுங்கள், கொதிக்கக் கொதிக்கப் போட்டால் தயிர் நீராகிவிடும். விருந்துச் சோற்றில் கறியெல்லாம் முடிந்தபின் கடைசிப் பிடி சோற்றுக்குத் தயிரும் பழமும் சீனியும் கேட்காத ஆள் குறைவு. மீன் சாப்பிட்ட கையோடு தயிர் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் விட்டுவிடலாம், மற்றவர்களைத் தடுக்கத் தேவையில்லை.

பாணி வாங்கும்போதும் கண் வேண்டும். கித்துள் பாணி மலைநாட்டுச் சரக்கு. இங்கே போத்தலில் வருவதில் சீனிப்பாகு கலந்தது நிறைய. நல்ல பாணியில் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய புகைச்சலும் ஒரு துளிப் புளிப்பும் தெரியும். வெறும் இனிப்பாக மட்டும் முடிந்தால் அது சீனி. அதற்குப் பதில் பனங்கட்டியைச் சீவிப் போட்டால் இந்தத் தயிருக்கு இன்னும் பொருத்தம். சீனியோ பாணியோ, கோப்பையில் போட்டுக்கொண்ட அளவுக்கு மட்டும் சேருங்கள். சட்டிக்குள்ளேயே தூவினால் இனிப்பு தயிரின் நீரை வெளியே இழுத்துவிடும், மிச்சம் மாலைக்குள் மோராகும். அள்ளுவதிலும் முறை உண்டு. நடுவில் குழி தோண்டினால் சுற்றியுள்ள நீர் முழுதும் அந்தக் குழிக்கு வரும். ஆடையிலிருந்து தொடங்கி, ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கம் வரை மட்டமாகச் சீவிக்கொண்டு இறங்க வேண்டும்.

இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோகிறவர்கள் அன்று காலை எடுத்த சட்டியாக வாங்கினால் மறுநாள் விடியற்காலை வரை தாங்கும். பொலித்தீனால் வாயை இறுக்கிக் கட்டுவதைவிட, கடதாசி போட்டு நூலால் கட்டுவது மேல். மூச்சு விடாமல் கட்டினால் உள்ளே வியர்த்து அந்த நீர் ஆடையில் சொட்டும். அடியில் ஈரமில்லாத வைக்கோலோ பழைய சாரமோ சுற்றிக் காலடியில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் ஆட்டம் கூட. வீட்டுக்குப் போனதும் பிரிஜ்ஜில் வைத்தால் மூன்று, நாலு நாள் நன்றாக இருக்கும். மீன் வைத்த தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், மண்சட்டி மணத்தையும் உறிஞ்சும். மேலே மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஊதாவாகவோ புள்ளி கண்டால் அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுச் சாப்பிடக்கூடாது, பூஞ்சணம் உள்ளே இறங்கியிருக்கும். முழுச் சட்டியையும் கொட்டிவிடுங்கள்.

புள்ளி எதுவும் இல்லாமல் புளிப்பு மட்டும் ஏறிய தயிரை வீசாதீர்கள். ஒரு கோப்பைக்கு மூன்று கோப்பை தண்ணீர் விட்டு அடித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்புப் போட்டால் சித்திரை வெயிலுக்கு மோர். இன்னும் புளித்துவிட்டதா? அரைக் கிலோ பச்சை மிளகாயைக் காம்போடு கீறி, உப்புப் போட்ட அந்தத் தயிரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பகலில் பாயில் காயப்போடுங்கள். மாலையில் மீண்டும் அதே தயிருக்குள். தயிர் முழுதும் வற்றி, குலுக்கினால் விதை சலசலக்கிற வரை இப்படிச் செய்தால் மோர் மிளகாய். காற்றுப் புகாத போத்தலில் போட்டு வைத்து, வேண்டியபோது எண்ணெயில் பொரித்துச் சோற்றோடு வைக்கலாம்.